ஸ்க்ரிவனர்: தமிழில் நாவல் எழுத எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

முதல் வரைவு பாதி தாண்டியதிலிருந்து மூன்றாம் திருத்தம் முடியும் வரை ஸ்க்ரிவனர் என்ற எழுத்து மென்பொருள் மிக நல்ல துணை. எடிட்டர் கைக்குப் பிரதி போன பிறகு அதைத் திறக்கவே வேண்டாம். இது தெரிந்து வாங்குகிறவருக்கு ஏமாற்றம் இருக்காது.

2007இல் மேக்குக்கு வந்த மென்பொருள் இது. இப்போதைய 3ஆம் பதிப்பு மேக்குக்கு 2017இலும் விண்டோஸுக்கு 2021இலும் வந்தது. ஐபோன், ஐபேடுக்கும் உண்டு, ஆண்ட்ராய்டுக்குக் கிடையாது. மாதச் சந்தா இல்லை, ஒருமுறை பணம் கட்டினால் போதும்.

வேர்டில் நாவல் ஒரே நீளமான தாள். இங்கே ஒவ்வொரு காட்சியும் தனித் துண்டு. இடப்பக்கம் பைண்டர் என்ற பட்டியலில் அவை வரிசையாக நிற்கும். பிடித்து இழுத்தால் இடம் மாறும். எழுதிக்கொண்டே போய், காட்சி முடிகிற இடத்தில் கண்ட்ரோல் + கே அழுத்தினால் அங்கேயே இரண்டாகப் பிரியும் (மேக்கில் கமாண்ட் + கே). அத்தியாயத்தை ஒரே துண்டாக வைத்தால் இந்த வசதி வீண். 800 முதல் 1,500 சொற்கள் வரையுள்ள காட்சியே சரியான அளவு. துண்டுக்கு 'காட்சி 14' என்று பெயர் வைக்காமல், 'கடிதம் கிடைக்கிறது' என்று நடப்பதையே வைக்க வேண்டும். நான்கு மாதம் கழித்துத் தேடும்போது எண் எதையும் நினைவூட்டாது.

லேபிள் நிறத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. யாருடைய பார்வையில் காட்சி நகர்கிறதோ அவருக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டு, எல்லாக் காட்சிகளையும் பட்டியலாகக் காட்டும் அவுட்லைனரைத் திறந்து பாருங்கள். தொடர்ந்து ஒன்பது காட்சிகள் ஒரே நிறத்தில் இருந்தால், இன்னொரு பாத்திரத்தை நாவல் மறந்துவிட்டது என்று அர்த்தம். பிரதியை முழுசாகப் படித்தாலும் பிடிபடாத குறை, அரை நிமிஷத்தில் கண்ணில் பட்டுவிடும்.

திருத்தத்துக்கு ஸ்னாப்ஷாட். கை வைப்பதற்கு முன் கண்ட்ரோல் + 5 (மேக்கில் கமாண்ட் + 5) அழுத்தினால் அந்தக் காட்சியின் அன்றைய வடிவம் தேதியோடு பத்திரமாகிவிடும். பிடிக்காவிட்டால் பழையதுக்குத் திரும்பலாம், இரண்டையும் ஒப்பிட்டும் பார்க்கலாம். வெட்டியதை மீட்க வழி இருக்கிறது என்ற தைரியம் வந்த பிறகுதான் பலர் உண்மையாகவே வெட்டத் தொடங்குகிறார்கள். இதற்காகவே இந்த மென்பொருளை வாங்கலாம்.

இனி தமிழ். யூனிகோடில் தட்டச்சு செய்தால் எழுதுவதில் தடையில்லை, எண்ணிக்கையில்தான் சிக்கல். எழுத்து எண்ணிக்கையில் 'கி' ஒன்றல்ல, இரண்டு: 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ஸ்ரீ' நான்கு. பத்திரிகைக்கு எழுத்துக் கணக்கில் அனுப்புகிறவர்கள் இதை நம்பக் கூடாது. சொல் எண்ணிக்கை இடைவெளியை வைத்து நடக்கிறது. 'போய்க்கொண்டிருந்தாள்' ஒரு சொல், 'போய்க் கொண்டு இருந்தாள்' மூன்று. சேர்த்து எழுதுகிறவர் ஒரு நாளைக்கு 1,000 சொல் என்று இலக்கு வைத்தால், பிரித்து எழுதுகிறவரைவிட அதிகமாகவே உழைக்க வேண்டியிருக்கும். இலக்கை உங்கள் நடைக்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலக் கணக்கைக் கடன் வாங்காதீர்கள்.

தேடலில் இன்னொரு பள்ளம். கதாநாயகி பெயர் சௌந்தரம் என்று வைத்துக்கொள்வோம். ஔகாரக் குறியை ஒரே குறியாக அடித்தால் ஒரு சொல்; ஒற்றைக்கொம்பு போட்டு 'ள' சேர்த்து 'செளந்தரம்' என்று அடித்தால் கணினிக்கு அது வேறு சொல். திரையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. பெயரை மாற்ற நினைத்து மொத்தமாக ரீபிளேஸ் செய்தால் பாதி இடத்தில் பழைய பெயர் அப்படியே தங்கி, புத்தகத்தில் இரண்டு கதாநாயகிகள் வந்து நிற்பார்கள். இரண்டு விதமாகவும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

துண்டுகளைக் கோத்து ஒரே பிரதியாக்கும் கம்பைல்தான் எல்லோரையும் அழவைக்கும் இடம். தவறு பெரும்பாலும் ஒன்றே: எது அத்தியாயம், எது காட்சி என்று செக்ஷன் டைப்பில் சொல்லாமல் பொத்தானை அழுத்துவது. அப்போது தலைப்பே இல்லாமல் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், அல்லது ஒவ்வொரு காட்சியும் புது அத்தியாயமாகிவிடும். ஃபோல்டருக்கு அத்தியாயம், உள்ளே இருக்கும் துண்டுக்குக் காட்சி என்று ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லேஅவுட் (பிரதியில் அது தோன்றும் வடிவம்) தேர்ந்தெடுத்தால் இது தீரும். அடுத்தது, தயாராக வரும் லேஅவுட்கள் 'சாப்டர் ஒன்' என்று ஆங்கிலத்திலேயே அச்சிடும். லேஅவுட்டைத் திருத்தி, தலைப்பின் முன்னொட்டில் 'அத்தியாயம்' என்று போட்டு, எண்ணைச் சொல்லால் எழுதும் குறியை நீக்கி இலக்கத்தில் எழுதும் குறியை வைக்க வேண்டும். எழுத்துருவையும் நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருவாக அங்கேயே நிர்ணயித்துவிடுங்கள். இதற்கெல்லாம் முதல் முறை ஒரு மாலைப்பொழுது போகும். அமைப்பைச் சேமித்துவிட்டால் அடுத்த நாவலுக்கும் உதவும்.

கோப்பு பத்திரம் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டும். ஸ்க்ரிவனர் புராஜெக்ட் என்பது ஒரே கோப்பு அல்ல. துண்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கோப்புகள் நிறைந்த ஃபோல்டர். கூகுள் டிரைவில் வைத்து நேரடியாக வேலை செய்ய வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். டிராப்பாக்ஸிலும், ஒரு கணினியில் மூடி, சிங்க் முழுதாக முடிந்த பிறகே மற்றதில் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் காட்சிகள் இரட்டிக்கும், சில சமயம் வெறுமையாகும்.

மூடும்போது தானாகவே பேக்கப் எடுக்கிறது, நல்லது. ஆனால் ஆரம்ப அமைப்பில் கடைசி ஐந்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஏதோ காணவில்லையே என்று பதறி, ஐந்து முறை திறந்து மூடினால் நல்ல பிரதி ஐந்தும் அழிந்து, கெட்டது ஐந்து நிற்கும். வாங்கிய அன்றே அதை 25ஆக மாற்றி, ஜிப்பாக வேறொரு இடத்தில் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

வேர்டிலுள்ள ட்ராக் சேஞ்சஸ் இதில் இல்லை. எடிட்டர் திருத்தி அனுப்பும் பிரதியைத் திரும்ப ஸ்க்ரிவனருக்குள் கொண்டுவந்தால், எது யார் திருத்தம் என்ற தடம் போய்விடும். அங்கிருந்து வேர்டு பிரதி ஒன்றே மூலம். பதிப்பகம் பாமினி போன்ற பழைய குறியாக்கத்துக்கு மாற்றி அச்சுக்கோக்கிறது என்றால், பிரதியில் ஆங்கில எழுத்தில் இருக்கும் சொற்களுக்கு முன்கூட்டியே நிறம் தீட்டிக் கொடுங்கள். அந்த எழுத்துருவில் அவை பொருளற்ற தமிழாக மாறிவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடாகவே கோப்பவர்களிடம் அதிலுள்ள வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற வசதியை இயக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மின்நூலுக்கு ஸ்க்ரிவனரிலிருந்தே நேரடியாக இபப் கோப்பு எடுக்கலாம். பொருளடக்கம் பிசகில்லாமல் வருகிறது.

முப்பதாயிரம் சொல்லுக்குள் முடியும் நேர்கோட்டுக் குறுநாவலுக்கு இவ்வளவு தேவையில்லை. வேர்டில் அத்தியாயத் தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்து, நேவிகேஷன் பேனில் இழுத்து மாற்றினாலே போதும். பல காலம், பல பார்வை, முன்னும் பின்னுமாக நகரும் கதை என்றால்தான் ஸ்க்ரிவனர்.

சோதனைப் பதிப்பு 30 நாள், அதுவும் திறந்து வேலை செய்த நாட்களை மட்டுமே கணக்கிடும். வாரம் இரண்டு நாள் எழுதினால் 15 வாரம் வரும். வெற்றுப் புராஜெக்டில் தொடங்காமல், பாதியில் நிற்கும் உங்கள் நாவலை இம்போர்ட் அண்ட் ஸ்ப்ளிட் மூலம் உள்ளே கொண்டுவந்து சோதியுங்கள். காட்சிகளுக்கு நடுவே மூன்று நட்சத்திரம் போட்டிருந்தால் அதையே பிரிப்புக் குறியாகக் கொடுக்கலாம்.