வார்ட்டிசெல்லாவா, கார்கீசியமா, எபிஸ்டைலிஸா: காம்பை வைத்து இனங்காணல்

குளத்து நீரில் ஊறிய வேரையோ பாசி படிந்த தண்டையோ நுண்ணோக்கியில் வைத்தால், காம்பின் நுனியில் மணி வடிவ உடலைத் தாங்கிய சிலியேட்டுகள் (மயிர்போன்ற குறுஇழைகளை உடைய ஒருசெல் உயிரிகள்) பெரும்பாலும் கண்ணில் படும். மணி வடிவத்தைக் கண்டதும் 'வார்ட்டிசெல்லா' என்று பெயரிட்டுவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடி லீவன்ஹூக் 1676ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே விவரித்த, வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் 1767இல் பெயரிட்ட இப்பேரினம்தான் பாடநூல்களிலும் முதலில் அறிமுகமாகிறது என்பதால் இது வியப்பன்று. ஆனால் கார்கீசியம், சூதாம்னியம், எபிஸ்டைலிஸ், ஒபெர்குலேரியா ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ அதே மணி உடல்தான். ஆகவே தொடக்க நிலையில் உடலை விட்டுக் காம்பைப் பார்ப்பதே நம்பகமான வழி என்பது என் கருத்து.

காம்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது கிளைக்கிறதா என்பது. வார்ட்டிசெல்லாவின் காம்பு கிளைப்பதில்லை. மற்ற நான்கும் ஒரே அடியிலிருந்து கிளைத்துக் கூட்டமாக வாழ்பவை. எனினும் வார்ட்டிசெல்லாக்கள் பலவும் ஓரிடத்தில் நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், மேலிருந்து பார்க்கையில் அக்கூட்டம் ஒரே செடிபோலத் தோன்றி ஏமாற்றும். குவியத்தை மெல்லக் கீழிறக்கி ஒவ்வொரு காம்பையும் அடிவரை பின்தொடர்ந்தால் இக்குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்த கேள்வி காம்பு சுருங்குகிறதா என்பது. வார்ட்டிசெல்லா, கார்கீசியம், சூதாம்னியம் ஆகியவற்றின் காம்புக்குள் சுருங்கும் இழை ஒன்று ஓடுகிறது. எபிஸ்டைலிஸிலும் ஒபெர்குலேரியாவிலும் அது இல்லை. கண்ணாடித் தகட்டை விரலால் தட்டினால் விடை கிடைக்கும் என்பார்கள். அதில் ஒரு பொறி உண்டு: எபிஸ்டைலிஸின் காம்பு விறைத்து நின்றாலும், அதிர்ச்சியில் அதன் மணி வாயை மூடிக்கொண்டு உருண்டு குறுகும். அந்த அசைவைக் காம்பின் சுருக்கமாகக் கொள்வோர் பலர். மறுபுறம், மூடுதகட்டின் அடியில் நெடுநேரம் அழுந்திச் சோர்ந்த கார்கீசியம் எத்தனை தட்டினாலும் அசையாமல் எபிஸ்டைலிஸாக வேடமிடும். அப்போது நுண்ணோக்கி மேடையின் அடியில் ஒளியைக் கட்டுப்படுத்தும் கீழ்த்திரையைச் சற்றே மூடி ஒளிவேறுபாட்டைக் கூட்டி, காம்பின் உட்புறத்தில் இழை தெரிகிறதா என்று தேடுவதே சரி. தட்டிப் பார்ப்பதைவிட இச்சோதனையையே நான் மேலாகக் கருதுகிறேன்.

உண்மையில் சிக்கலான இணை கார்கீசியமும் சூதாம்னியமும்தான். கார்கீசியத்தில் ஒவ்வொரு கிளைக்கும் தனி இழை. கிளை பிரியும் இடத்தில் அது அறுபட்டிருக்கும். அதனால் ஒரு மணி சுருங்கும்போது பக்கத்து மணி கவலையின்றி இரை தேடிக்கொண்டிருக்கும். சூதாம்னியத்தில் இழை கிளைகளுக்குள் தொடர்ந்து ஓடுவதால், பொதுவாகக் கூட்டம் முழுவதும் ஒருசேரச் சுருங்கும். பலமாகத் தட்டினால் கார்கீசியத்தின் மணிகளும் ஒரே நேரத்தில் அதிர்ச்சியுற்றுச் சுருங்கி இவ்வேறுபாட்டை மறைத்துவிடும் என்பதால், அவை தாமாகச் சுருங்கும் வரை காத்திருப்பது நல்லது. சுருங்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு: கார்கீசியத்தின் காம்பு, வார்ட்டிசெல்லாவினுடையதைப் போலவே, சுருளாகச் சுருங்குகிறது, சூதாம்னியத்தின் காம்பு இடமும் வலமுமாக மடிகிறது. கால்சியம் அயனிகளால் தூண்டப்படும் இச்சுருக்கம் சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடுவதால் கண்ணால் தொடர இயலாது. ஆனால் மீண்டும் நீள்வதற்குச் சில வினாடிகள் பிடிக்கின்றன. சுருளா மடிப்பா என்பதை அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

சுருங்காக் காம்புடைய இரண்டில், எபிஸ்டைலிஸின் வாய்விளிம்பு தடித்து வெளிப்புறமாக மடிந்திருக்கும். ஒபெர்குலேரியாவுக்கு அத்தகைய விளிம்பு இல்லை. அதன் வாய்த்தட்டு ஒடுங்கி, ஒருபுறம் சாய்ந்து உயர்ந்த மூடிபோல் நிற்கும்.

காம்பின் நுனியில் சுழலும் குறுஇழைகளுக்குப் பதிலாக அசைவற்ற உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தால், அது இக்குழுவையே சேராத சக்டோரியா ஆகும். தனித்து நிற்கும் குட்டைக் காம்பு சுருங்கவில்லையெனில், பெரும்பாலும் சிறு நீர்விலங்குகளின் மேல் ஒட்டி வாழும் ராப்டோஸ்டைலாவை நினைவில் கொள்ளலாம்.

இம்முறைக்கும் வரம்பு உண்டு. இன்னும் பிளவுறாத இளம் கார்கீசியம் ஒற்றை மணியும் சுருளும் காம்புமாக நிற்கையில் அதை வார்ட்டிசெல்லாவிலிருந்து பிரிக்கக் காம்பு உதவாது. அதே வேரில் கிளைத்த கூட்டங்கள் உள்ளனவா என்று பார்த்தே ஊகிக்க வேண்டும். காம்பை உதறிவிட்டு, பின்புறக் குறுஇழை வளையத்தால் நீந்தித் திரியும் நிலையில் உள்ளவற்றுக்கு அந்த ஊகமும் கிட்டாது. பேரினத்தைத் தாண்டிச் சிற்றினம் வரை செல்ல விரும்புவோர், பெருஉட்கருவின் வடிவத்தையும், வெள்ளிச்சாயம் ஏற்றினால் புலப்படும் உடல்வரிகளையும் ஆராய வேண்டும். அவ்வசதி இல்லாதபோது குறிப்பேட்டில் 'வார்ட்டிசெல்லா, சிற்றினம் அறியப்படவில்லை' என்று எழுதுவதே முறை.