கேபிளா, வைஃபையா? ரவுட்டரிலிருந்து கடைசிப் பத்து மீட்டர்

"300 எம்பிபிஎஸ் நெட் பிளான் போட்டிருக்கேன், மாடி ரூம்ல வேகம் 40 தாண்ட மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் முதலில் திட்டுவது இணைப்பு கொடுத்தவரைத்தான். பல வீடுகளில் கோளாறு அவர் பக்கம் இல்லை. ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே உள்ள பத்து மீட்டரில் இருக்கிறது. அதைக் கடக்க இருப்பது கேபிள் அல்லது வைஃபை.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடுவது வீண். வழியை எத்தனை பேரோடு பங்கிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

ரவுட்டரின் பின்னால் கேபிள் செருகும் துளைகள் இருக்கின்றனவே, அவை சேர்ந்து ஒரு ஸ்விட்ச், அதாவது டேட்டாவை உரிய கேபிளுக்குத் திருப்பிவிடும் கருவி. எந்தத் துளையில் எந்தக் கருவி என்பதை மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வைத்து அது தானே குறித்துக்கொள்ளும். டிவிக்கு வந்த டேட்டா டிவியின் கேபிளில் மட்டும் போகும். போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆளுக்கொரு தனித்தெரு.

வைஃபையில் எல்லாருக்கும் ஒரே தெரு. ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு சமயம் ஒருவர்தான் பேசலாம். தான் பேசும்போது பிறர் குரல் ரேடியோவுக்குக் கேட்காது என்பதால், மோதல் நடந்ததும் நிறுத்திக்கொள்ள வழியில்லை. மோதாமல் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். எனவே முதலில் காது கொடுக்கும். காற்று காலியாக இருந்தாலும் குத்துமதிப்பாகக் கொஞ்ச நேரம் பொறுக்கும். பிறகு அனுப்பிவிட்டு "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பும். இந்த மரியாதைக்கே நேரத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது.

பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அதுவும் இந்த வரிசையில்தான் நிற்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் அது எந்த மூலைக்கு? மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. கடைசி அறையில் சிக்னல் மங்கிய பழைய போன் ஒன்று இழுத்து இழுத்துப் பேசினால், புது லேப்டாப்பும் அது முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். 5 ஜிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். வைஃபை 6 ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு இடம் பிரித்துக் கொடுக்கிறது. கருவிகளும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் அந்தப் பலன்.

வேடிக்கை என்னவென்றால், கேபிளின் பூர்வீகமே ரேடியோதான். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப், இன்றைய கேபிள் இணைப்பின் அடிப்படையான ஈதர்நெட்டுக்கு வித்திட்டபோது, ஹவாய் தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹாநெட்தான் அவருக்குத் தூண்டுதல். முதல் ஈதர்நெட்டில் எல்லாரும் ஒரே தடித்த கேபிளைப் பங்கிட்டு, மோதி, விலகி, மறுபடி முயன்றார்கள். வந்ததை எல்லாக் கேபிளுக்கும் அனுப்பும் ஹப் என்ற பெட்டி இருந்தவரை இதே கதை. ஸ்விட்ச் வந்த பிறகுதான் கேபிள் அந்தக் கூட்டத்திலிருந்து தப்பித்தது.

கேபிளிலும் வில்லங்கம் உண்டு. கேட் 5இ என்ற ரகக் கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) தரும், ஆனால் அதற்கு எட்டுக் கம்பிகளும் சேர்ந்து உழைக்க வேண்டும். ஒன்று முனைப் பிளக்கில் சரியாக அழுந்தி கிரிம்ப் ஆகாவிட்டால் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிடலாம். என் வீட்டில் இது ஆறு மாதம் ஓடியது. "நெட் வருதே" என்று நானும் சும்மா இருந்தேன். அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசிய மலிவுக் கேபிள்களும் கடையில் கிடைக்கின்றன. வாங்காதீர்கள்.

பாதுகாப்பில் கேபிளுக்கு மேல்கை: ஒட்டுக்கேட்க வீட்டுக்குள் நுழைய வேண்டும். வைஃபைக்கு நல்ல பாஸ்வேர்டு போட்டால் வீட்டுத் தேவைக்குப் போதும்.

போனுக்கு வைஃபைதான், பேச்சே இல்லை. வீடியோ காலிலும் கேமிலும் கேபிள் ஜெயிக்கும். ரவுட்டருக்கு பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பும் நேரம், கேபிளில் 1 மில்லி விநாடிக்குள் நிற்கும். வைஃபையில் 3, 4 என்று போய்த் திடீரென 60-க்குத் தாவும். உரையாடலை வெட்டுவது அந்தத் தாவல்தான்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஓனர் விடமாட்டார். கதவோரமாக ஒரே ஒரு கேபிள் இழுக்க முடிந்தால், அதை டிவிக்குக் கொடுங்கள். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும், எந்தக் கேபிளும் அதைத் தாங்கும். மணிக்கணக்கில் காற்றைப் பிடித்துவைத்திருந்த டிவி விலகியதும், போன்களுக்குத் தெரு காலியாகும்.