பங்க், இண்டி (ரெண்டும் ராக் இசை வகை) பக்கம் புதுசா வரவங்க கேக்க மூணு சிங்கிள் (தனியா வெளியிட்ட பாட்டு)

பங்க்னா வெறும் கத்தல்னு நினைக்கிறீங்கன்னா மொதல்ல லிண்டா லிண்டாஸ் பேண்ட் கேளுங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் பொண்ணுங்க நாலு பேர், 2021ல ஒரு லைப்ரரில வாசிச்ச 'ரேசிஸ்ட், செக்ஸிஸ்ட் பாய்' வைரல் ஆனப்போ அவங்களுக்கு வயசு 10ல இருந்து 16 தான். ட்ரம்மர் பொண்ணோட கிளாஸ் பையன் ஒருத்தன், சீனாக்காரங்க கிட்ட இருந்து தள்ளி இருன்னு அப்பா சொன்னார்னு அவகிட்டயே சொல்லிருக்கான், அந்தக் கோவம் தான் பாட்டு, அதான் அந்த அலறல்ல ஒரு துளி நடிப்பு கிடையாது, எனக்கு இன்னும் கேக்கறப்போ சிலிர்க்குது.

அடுத்து இங்கிலாந்து பிரைட்டன் ஊர் பேண்ட் லாம்ப்ரினி கேர்ள்ஸ், 2024ல வந்த 'கம்பெனி கல்ச்சர்'. ஆபீஸ்ல பொண்ணுங்க படற பாலியல் தொல்லைய நேருக்கு நேர் போட்டு உடைக்குது, பேஸ் கிட்டார் அவ்ளோ அழுக்கா கரகரன்னு இருக்கும், ஹெட்போன்ல சத்தமா வைங்க.

கொஞ்சம் மெலடி வேணும்னா லாஸ்ட் டின்னர் பார்ட்டிங்கற பேண்டோட 'நத்திங் மேட்டர்ஸ்', 2023ல வந்த அவங்க மொத சிங்கிள். பங்க் இல்ல, ஆனா கோரஸ் விடாது.

புடிச்சா ஸ்ட்ரீமிங்கோட நிறுத்தாதீங்க, ஆர்ட்டிஸ்ட்ங்க பாட்ட நேரா விக்கற பேண்ட்கேம்ப் சைட்ல இருக்கான்னு தேடுங்க, அங்க டிஜிட்டலா வாங்கினா அந்த சைட் எடுக்கறது 15% தான், பேமெண்ட் கட்டணம் போக மிச்சம் ஆர்ட்டிஸ்ட் பக்கம் போகும்.