230 வோல்ட் புகை அலாரம்: வட சென்னை வீட்டுக்கு ஒத்துவருமா?

பாரிமுனை எலக்ட்ரிக்கல் கடையில் "ஸ்மோக் டிடெக்டர்" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது 24 வோல்ட் டிசி சாமான். அது தானாகக் கத்தாது. தனி பேனல், பேட்டரி, கத்தும் ஹூட்டர் எல்லாம் சேர்த்து வாங்கவேண்டும். கல்யாண மண்டபத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. வீட்டுக்கு வேண்டியது வேறு ஜாதி: நேராக 230 வோல்ட் லைனில் ஓடவேண்டும், கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பேட்டரியில் தாக்குப்பிடிக்கவேண்டும், ஒன்று கத்தினால் மற்றவையும் சேர்ந்து கத்தவேண்டும்.

அந்த ஜாதியில் பிரிட்டனில் ஐகோ என்ற பெயரில் விற்கும் 3000 வரிசையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 3016 புகைக்கு, 3014 வெப்பத்துக்கு, 3018 கார்பன் மோனாக்சைடுக்கு. மூன்றையும் ஒரே கம்பியில் கோத்துவிடலாம். உள்ளே இருப்பது பத்து ஆண்டு தாங்கும் சார்ஜ் ஏறும் லித்தியம் செல். நடு ராத்திரியில் 9 வோல்ட் பேட்டரி தேடி அலையவேண்டியதில்லை. அடித்தட்டைச் சீலிங்கில் திருகிவிட்டு அலாரத்தை அதில் தள்ளினால் பேட்டரியும் லைனும் ஒரே அசைவில் சேரும். வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. குறை எல்லாம் நம் வீட்டோடு சேரும்போதுதான் தெரியும்.

முதலில் வோல்டேஜ். அமெரிக்காவில் இருந்து உறவுக்காரர் பெட்டியில் வரும் அலாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் லைனில் கொடுத்தால் அன்றோடு சரி. முதுகில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

அடுத்தது நிறக் குழப்பம், இதில்தான் அதிக அலாரம் சாகிறது. பிரிட்டிஷ் கையேட்டில் பேஸ் (கரண்ட் வரும் கம்பி) பழுப்பு, நியூட்ரல் (திரும்பும் கம்பி) நீலம். நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ், நியூட்ரல் கறுப்பு. தண்டையார்பேட்டையில் மூன்று பேஸ் வந்த வீட்டில் படத்தைப் பார்த்து நீலத்தை நியூட்ரல் முனையில் முறுக்கினால் இரண்டு பேஸுக்கு இடையில், அதாவது சுமார் 400 வோல்ட்டில், அலாரம் உட்கார்ந்திருக்கும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். டெஸ்டர் விளக்கு பேஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், நியூட்ரலைக் காட்டிக்கொடுக்காது.

மூன்றாவது கம்பி அலாரங்களை இணைக்கும் இணைப்புக் கம்பி. இதில் பேஸோ நியூட்ரலோ தவறிப் பட்டால் அலாரத்தின் உள்ளே இருக்கும் போர்டு எரிந்துவிடும். எர்த் என்று நினைத்துப் பச்சைக் கம்பியை இதற்கு இழுப்பது பெரிய தப்பு. பின்னால் வரும் எலக்ட்ரீஷியன் அதை எர்த்தோடு கட்டிவிடுவார். வேறு எதற்கும் பயன்படாத நிறத்தை எடுத்து, ஒவ்வொரு ஜங்க்‌ஷன் பாக்ஸிலும் பேர் எழுதிய ஸ்லீவ் போடவேண்டும். மின்சாரம் ஓடும் கம்பி போலவே அதை நடத்தவேண்டும், டெலிபோன் ஒயரைக் கொண்டு ஒப்பேற்றக்கூடாது. அலாரத்துக்கு எர்த் தேவையில்லை. வரும் பச்சைக் கம்பியை அதற்கென்று இருக்கும் முனையில் நிறுத்திவைத்தால் போதும்.

எல்லா அலாரமும் ஒரே எம்சிபியில் (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), ஒரே பேஸில், ஒரே நியூட்ரலில் இருக்கவேண்டும். கீழ் போர்ஷன் ஒரு மீட்டர், மாடி இன்னொரு மீட்டர் என்றால் இரண்டையும் கம்பியால் இணைக்கவே கூடாது. நியூட்ரல் மாறினால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) காரணமே தெரியாமல் விழும், ஒரு பக்கம் அணைத்தாலும் மறுபக்கக் கம்பியில் உயிர் இருக்கும். தனி 6 ஆம்பியர் எம்சிபி நல்லது. ஹால் லைட் சர்க்யூட்டில் சேர்த்தால் இன்னும் நல்லது என்பது நம் கட்சி. லைட் எரியவில்லை என்றால் அன்றே ஆள் கூப்பிடுவோம். தனி எம்சிபி விழுந்து கிடந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

இன்வெர்ட்டர் லைனில் கொடுக்காதீர்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் அலை இந்த மாதிரி எலக்ட்ரானிக் சப்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. பேட்டரி உள்ளேயே இருப்பதால் அந்த லைனுக்குத் தேவையும் இல்லை. இன்வெர்ட்டரால் வரும் தொல்லை இன்னொன்றும் உண்டு: லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், அதைக் கார்பன் மோனாக்சைடு சென்சார் தன் வாயு என்று எண்ணி அலறும். மாடிப்படிக்கு அடியில் பேட்டரி வைத்திருக்கும் வீட்டில் சென்சாரை அங்கே மாட்டாதீர்கள்.

கணக்குக்கு ஒரு வீடு: பத்தடி அகலத்தில் நீளமாக ஓடும் கீழும் மேலுமான வீடு. ஹாலில் ஒரு புகை அலாரம், மாடிப்படி முடியும் இடத்தில் ஒன்று, சமையலறையில் வெப்ப அலாரம் ஒன்று, படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு ஒன்று. ஆக நான்கு. பைப் ஓட்டம் சுமார் 25 மீட்டர் என்றால் 1.5 ஸ்கொயர் எம்எம் எஃப்ஆர் (தீ எளிதில் பரவாத) ஒயர் மூன்று நிறத்தில் நிறத்துக்கு 30 மீட்டர். முழுச் சுருள் 90 மீட்டர் வரும் என்பதால் வெட்டித் தரும் கடையில் வாங்குங்கள். சீலிங்கில் பைப் இல்லையென்றால் கேசிங் கேப்பிங் (மேலே ஒட்டும் பிளாஸ்டிக் ஒயர்ப் பட்டை) தான், கான்கிரீட்டைக் கொத்தவேண்டாம். ஒயர் இறங்கும் ஓட்டையை சிலிக்கான் வைத்து அடையுங்கள். ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீர் பைப் வழியே இறங்குவது ஒன்று. பைப்பில் இருந்து வீசும் காற்று புகையைச் சென்சாரை விட்டுத் தள்ளிவிடுவது இன்னொன்று. எறும்பும் அந்த வழியாகத்தான் வரும். ராயபுரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீட்டில் சுண்ணாம்புச் செங்கல் ராவல் பிளக்கைப் பிடிக்காது. உத்தரத்தின் அடிப்பக்கம் பலகை ஒன்றை அறைந்து அதில் மாட்டுங்கள்.

எங்கே மாட்டுவது என்பதில் வெளிநாட்டுக் கையேடு சீலிங்கின் நடு என்கிறது. நம் வீட்டில் நடுவில் ஃபேன் இருக்கிறது. ஃபேன் இறக்கையின் நுனியில் இருந்து மூன்றடியாவது தள்ளி, சுவரில் இருந்து 30 சென்டிமீட்டர் விலகி, ஏசி காற்று நேரே அடிக்காத இடம் பாருங்கள். சமையலறையில் புகை அலாரம் மாட்டினால் மிளகாய் தாளிக்கும் ஒவ்வொரு தடவையும் கத்தும், ஒரு வாரத்தில் பெரியம்மா கழற்றிப் பரணில் போட்டுவிடுவார். அங்கே வெப்ப அலாரம் மட்டும். பூஜை அறைக்கு எதிரே உள்ளதும் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு நிச்சயம் கத்தும். பட்டனை அழுத்தினால் பத்து நிமிடம்போல் அடங்கும். போகி விடியலில் ஜன்னலைச் சாத்துவதைத் தவிர வழியில்லை.

நிஜமான குறை ஒன்று உண்டு. இந்த அலாரங்களுக்கு மேல் வரம்பு 40 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் வெள்ளை அடிக்காத மொட்டைமாடிக்கு நேர் கீழே சீலிங் அதைத் தாண்டிவிடும். மேல்மாடிக்கு வாங்குமுன் கூரைக்கு வெப்பத்தடுப்பு போடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு பற்றித் தவறான நம்பிக்கை நிறைய. 3018 சிலிண்டர் கேஸ் கசிவைச் சொல்லாது. எல்பிஜி தரையில் தேங்கும், அதற்குத் தனி டிடெக்டர் தரையில் இருந்து ஓரடி உயரத்தில் வேண்டும். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கசிந்த அம்மோனியாவுக்கும் இதை நம்ப முடியாது. கேஸ் கீசர், மூடிய அறையில் கரி அடுப்பு, ஜன்னலுக்கு அருகே ஓடும் ஜெனரேட்டர், இவைதான் இதன் வேலை. ஐரோப்பிய ஈஎன் 50291 தரத்தின்படி 50 பிபிஎம்மில் (காற்றின் பத்து லட்சத்தில் 50 பங்கு) 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பிபிஎம்மில் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பிபிஎம்மில் மூன்று நிமிடத்துக்குள்ளும் கத்தும். உடனே கத்தவில்லை என்று பழுதாகக் கருதவேண்டாம். ஈரம் ஆகாது என்பதால் குளியலறைக்குள் மாட்டமுடியாது, வெளியே மாட்டினால் கதவைச் சாத்திக் குளிப்பவருக்குத் தாமதம். ஆகவே கீசரை வெளியே மாற்றுவதே வைத்தியம். அலாரம் அதற்கு ஈடல்ல.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். ஆண்டுக்கொரு முறை எம்சிபியை இறக்கி, அலாரத்தைக் கழற்றி, திருகை இறுக்கி, தூசியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். ஊதுபத்தியை நீட்டிச் சோதிப்பது வேண்டாம், பசை உள்ளே படியும்.

வேலை முடிந்ததும் பெயின்டருக்காகப் போட்ட தூசி மூடியை எடுத்தாயிற்றா என்று முதலில் பாருங்கள். பிறகு எம்சிபியை இறக்குங்கள். அலாரங்களின் பச்சை விளக்குகள் அணையவேண்டும். ஒவ்வொரு அலாரத்திலும் பட்டனை விடாமல் அழுத்துங்கள். நான்கு தடவையும் நான்கும் சேர்ந்து கத்தாவிட்டால் எலக்ட்ரீஷியனுக்கு மீதிக் கூலியைக் கொடுக்காதீர்கள்.