ஐந்தாம் சுர வட்டமும் ஏழு மோடுகளும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கீபோர்டு பயில்வோருக்கு மோடுகள் (ஒரே சுரத் தொகுதியை வெவ்வேறு சுரங்களை ஆதாரமாகக் கொண்டு வாசிக்கும்போது கிடைக்கும் ஏழு சுர வரிசைகள்) பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் அறிமுகமாகின்றன: சி மேஜரின் வெள்ளைக் கட்டைகளை டியில் தொடங்கினால் டோரியன், இயில் தொடங்கினால் ஃப்ரிஜியன், எஃப்பில் தொடங்கினால் லிடியன். இந்த முறையையும், ஒரே ஆதார சுரத்தின் மீது எல்லா மோடுகளையும் வாசிக்கும் முறையையும் பல ஆண்டுகள் கையாண்ட பிறகு, முன்னது கணக்குக்கும் பின்னது காதுக்கும் உரியது என்றே சொல்வேன்.

கணக்குக்கு முதல் முறை மிகவும் வசதியானது. ஏ மிக்ஸோலிடியனில் எத்தனை ஷார்ப் (அரைச் சுரம் உயர்த்திய சுரம்) என்று கேட்டால், ஏ என்பது டி மேஜரின் ஐந்தாம் சுரம், ஆகவே 2 ஷார்ப் என்று உடனே விடை கிடைத்துவிடும். ஆனால் ஆதார சுரம் ஒலிக்காமல் வெள்ளைக் கட்டைகளில் டோரியன் வாசித்தால், காது மெல்லச் சி மேஜருக்கே திரும்பிவிடுகிறது.

இரண்டாம் முறையில் இடக்கை சியையும் ஜியையும் அழுத்திக்கொண்டிருக்க, வலக்கை எஃப் ஷார்ப்புடன் லிடியனில் தொடங்குகிறது. எஃப் ஷார்ப்பை எஃப் ஆக்கினால் மேஜர், அதாவது அயோனியன். அதன்பின் பி, இ, ஏ, டி ஆகியவற்றை இதே வரிசையில் ஒவ்வொன்றாக ஃபிளாட் ஆக்கி, அதாவது அரைச் சுரம் தாழ்த்திச் சென்றால் மிக்ஸோலிடியன், டோரியன், ஏயோலியன், ஃப்ரிஜியன் என்று நிறம் படிப்படியாக இருண்டுகொண்டே போகும். இந்த வரிசைதான், கீகளை (சி மேஜர் போன்ற சுரத் தொகுதிகளை) ஐந்தாம் சுர இடைவெளியில் வட்டமாக அடுக்கும் ஐந்தாம் சுர வட்டத்தில் ஃபிளாட்கள் சேரும் வரிசையும். ஆதார சுரம் சியிலேயே நிற்க, சுரங்கள் மட்டும் ஜி மேஜர், சி மேஜர், எஃப் மேஜர் என்று வட்டத்தில் ஒவ்வோர் இடமாக நகர்கின்றன. கீக்கும் மோடுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி வேறொன்றை நான் கண்டதில்லை. கடைசியாக வரும் லோக்ரியனில் ஜியும் ஃபிளாட் ஆகிவிடுவதால் இடக்கை ஜியோடு மோதும்; அதை நான் அதிகம் வாசிப்பதில்லை. (கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள், முதல் ஆறு மோடுகளின் சுரங்களில் கல்யாணி முதல் தோடி வரை கிரக பேதத்தால் (ஆதார சுரத்தை மாற்றுவதால்) கிடைக்கும் மேளங்களை அடையாளம் காண்பார்கள், கமகங்களை இங்கே தேடக் கூடாது.)

தாளில் உள்ள கீ குறியீட்டை (வரியின் தொடக்கத்தில் இடப்படும் ஷார்ப், ஃபிளாட் அடையாளங்களை) மட்டும் நம்புவதும் சரிவராது. பாஹ் இயற்றிய பி.டபிள்யூ.வி. 538 (பாஹ் படைப்புப் பட்டியல் எண்) ஆர்கன் படைப்பு, ஃபிளாட் குறியீடு இல்லாமல் எழுதப்பட்டதால் ‘டோரியன்’ என்று பெயர் பெற்றது. உண்மையில் அது டி மைனரில் அமைந்தது. மாறாக, பீத்தோவன் 1825இல் எழுதிய ஓபஸ் 132 (படைப்பு எண்) தந்தி இசைக் குவார்டெட்டின் மூன்றாம் பகுதி, பி ஃபிளாட்டைத் தவிர்த்து எஃப் லிடியனாகவே அமைகிறது.

வட்டத்தின் குறை ஒன்று உண்டு: ஏழாம் சுரம் உயர்ந்த ஹார்மோனிக் மைனர் அதன் எந்த இடத்திலும் பொருந்தாது, அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.