மேசைமேல் சம்மணமிட்டு ஒரு மரணக் கணக்கு

யேல் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஷெல்லி கேகன் 2007-ல் இளங்கலை மாணவர்களுக்கு 'மரணம்' பற்றி நடத்திய வகுப்பு, 26 காணொளி உரைகளாக அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் யேல் கோர்ஸஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மேசைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசுகிறார் மனிதர். அலங்காரம் எதுவும் கிடையாது.

எனக்குத் தணிக்கை வேலை. "ஒரு பக்கம் பார்த்தால் இப்படி, மறுபக்கம் பார்த்தால் அப்படி" என்று கையெழுத்துப் போடாமல் நழுவுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. கேகன் அந்த ரகமில்லை. ஆன்மா என்று ஒன்று இல்லை, சாகாவரம் நல்லதல்ல, மரணத்தைக் கண்டு அஞ்சுவது பொருத்தமல்ல என்று தன் நிலைப்பாடுகளை முதல் உரையிலேயே போட்டு உடைத்துவிடுகிறார். ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை, வாதத்தில் ஓட்டை இருந்தால் காட்டு என்கிறார்.

அவருடைய ஆய்வுத்துறை ஒழுக்கவியல். ஒழுக்கம் நம்மிடம் எவ்வளவு கேட்கலாம், யார் எதற்கு எவ்வளவு தகுதியானவர் என்பவை அவர் விடாமல் துருவும் கேள்விகள். தகுதியைப் பற்றி வரைபடங்கள் போட்டே ஒரு தடித்த நூல் எழுதியவர் (2012). அந்தக் கணக்குப் புத்தி இந்த வகுப்பிலும் தெரிகிறது. வாழ்க்கை வெறும் பாத்திரமா, உள்ளே இருக்கும் நல்லது கெட்டதைக் கூட்டிக் கழித்தால் அதன் மதிப்பு முடிந்துவிடுமா? இல்லை, உயிரோடிருப்பதற்கே தனியாக ஒரு மதிப்பைக் கூட்ட வேண்டுமா? கூட்டினால், எவ்வளவு துன்பம் வந்தாலும் அதை மிஞ்ச முடியாது என்பீர்களா? இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மரணம் ஏன் கெடுதல் என்ற பகுதிதான் மொத்தத்துக்கும் உச்சம். நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை, பிறகு யாருக்குக் கெடுதல் என்பது கிரேக்கத் தத்துவவாதி எபிகியூரஸின் பழைய கேள்வி. உயிரோடிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நல்லவை பறிபோவதே கெடுதல் என்பது கேகன் சாயும் பதில். உடனே பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸைக் கொண்டுவந்து அந்தப் பதிலையே மடக்குகிறார்: பிறப்பதற்கு முன்னும்தான் இல்லாமல் இருந்தோம், அதற்கு யாரும் அழவில்லையே? வரும் பதில்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறார். எதுவும் முழுசாக நிற்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுகிறார்.

பயம் பற்றிய உரையில்தான் எனக்கு அவரோடு தகராறு. பயம் பொருந்த வேண்டுமானால் வரப்போவது கெடுதலாக இருக்க வேண்டும், வர ஓரளவாவது வாய்ப்பு இருக்க வேண்டும், வருமா வராதா என்ற சந்தேகமும் இருக்க வேண்டும் என்கிறார். சாவு நிச்சயம், அதனால் செத்துப்போவோமே என்று அஞ்சுவது சரியில்லையாம். சீக்கிரம் வந்துவிடுமோ என்ற பயத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் விடுகிறார். மூன்றாவது நிபந்தனையை நான் ஏற்கவில்லை. நாளைக் காலை தூக்கு என்று உறுதியாகத் தெரிந்தவனுக்கு நடுங்க உரிமை இல்லையா?

பிளேட்டோ பகுதி இழுவை. ஆன்மா அழியாது என்று வாதிடும் அவருடைய 'ஃபீடோ' உரையாடலை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாசிக்காதவர்கள் பாதியிலேயே எழுந்துவிடுவார்கள். பௌத்தத்தின் பார்வைக்குச் சில நிமிடங்கள்தான் ஒதுக்கியிருக்கிறார். மாணவர்கள் சிறு குழுக்களாக விவாதிக்கும் பகுதி பதிவில் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை, தகராறு பண்ண ஆள் வேண்டாமா?

கடைசி உரைகள் தற்கொலை எப்போதாவது நியாயமாகுமா என்பதைப் பற்றியவை. நிதானமாகத்தான் பேசுகிறார், ஆனாலும் அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர்களும் மனம் சோர்ந்திருப்பவர்களும் இந்த வகுப்பைத் தள்ளிப்போடுவது நல்லது. மற்றவர்கள் எழுத்து வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேகன் வேகமாகப் பேசுகிறவர். வாதத்தின் ஒரு படியைத் தவறவிட்டால் காணொளியைப் பின்னோக்கி ஓட்டித் தேடுவதைவிட எழுத்தில் கண்டுபிடிப்பது சுலபம்.