அலுவலகமா, வீடா, பாதிக்குப் பாதியா?

ட்விட்டர் 2020 மே மாதத்தில், விரும்புகிற ஊழியர்கள் காலம் முழுவதும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றது. 2022-இல் உரிமையாளர் மாறிய சில நாட்களிலேயே அந்த வாக்கு காற்றில் போய்விட்டது. 2025-க்குள் 25 சதவீத ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று அறிவித்த டி.சி.எஸ்., அந்த ஆண்டு பிறக்கும் முன்பே எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. வீடியோ சந்திப்பை விற்றே வளர்ந்த ஜூம்கூட, 2023-இல் அலுவலகத்துக்கு அருகில் வசிப்பவர்களை வாரம் இரண்டு நாள் வரச் சொன்னது. ஆரவாரம் அடங்கிவிட்டது, இப்போது மென்பொருள் துறையில் களத்தில் நிற்பவை மூன்று ஏற்பாடுகள்.

முதலாவது, ஐந்து நாளும் அலுவலகம். அமேசான் 2025 ஜனவரி முதல் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் ‘நிறுவனக் கலாசாரம்’ என்ற வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலுவான வாதம் வேறு: புதிதாகச் சேர்ந்தவர் வேலை கற்றுக்கொள்வது. எழுதிய நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) ஓடாமல் விழித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் திரையைப் பக்கத்து இருக்கை அனுபவசாலி எட்டிப் பார்த்து, “பழைய லைப்ரரி ஏற்றியிருக்கிறாய், பதிப்பை மாற்று” என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். வீட்டில் இருந்தால் அதே ஆள் கேள்வியைத் தட்டச்சு செய்வார், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்று அழிப்பார், மறுபடி எழுதுவார். ஒரு பிற்பகல் போய்விடும். ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்றும், குழுவோடு ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுக்குத் தங்கள் நிரல் குறித்து அதிகக் கருத்துகள் கிடைத்தன என்று காட்டியது. ஆனால் அதே ஆய்வில், அருகில் இருந்த மூத்தவர்கள் எழுதிய நிரலின் அளவு குறைந்தது. கற்றுக்கொடுப்பதன் விலையை அவர்கள்தான் கொடுக்கிறார்கள். சம்பள உயர்வுக் கணக்கில் அது எங்கும் வருவதில்லை.

குழு மூன்று நாடுகளில் சிதறிக் கிடந்தால் இந்த வாதமும் செல்லாது. பயணம் செய்து வந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நாள் முழுவதும் திரையோடு பேசிவிட்டுத் திரும்புவதில் யாருக்கு என்ன லாபம்?

இரண்டாவது, முழுக்க வீடு. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தலைமை அலுவலகமே இல்லாமல் 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தது. அதன் பலம் எழுத்தில் இருக்கிறது. விடுப்பு எடுப்பதிலிருந்து முடிவெடுப்பது வரை எல்லாவற்றையும் ஒரு கையேட்டில் எழுதி, யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். வாய்வழி உத்தரவிலேயே ஓடிப் பழகிய நிறுவனம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினால், எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரு வீடியோ சந்திப்பு வைத்துத்தான் சமாளிக்கும். யாஹூ 2013-இலும் ஐ.பி.எம். 2017-இலும் வீட்டிலிருந்தவர்களைத் திரும்ப அழைத்ததும் நினைவிருக்கட்டும். கொரோனாவுக்கு முன்பே தொடங்கிய இழுபறி இது.

ஊழியர் பக்கம் இரண்டு இடர்கள். ஊருக்கேற்பச் சம்பளத்தைக் கணக்கிடுவது ஒன்று. கிட்லேப்பே அப்படித்தான் செய்கிறது. மற்றொன்று, கண்ணில் படாதவர் நினைவிலும் இல்லாமல் போவது. சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழு நடத்தி 2015-இல் வெளியிட்ட சோதனையில், வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் அந்தத் திறனுக்கேற்ற பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவர்கள் அழைப்பு மைய ஊழியர்கள் என்பதால், மென்பொருள் துறைக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன்.

மூன்றாவது ஹைப்ரிட், அதாவது சில நாள் அலுவலகம், சில நாள் வீடு. இதே புளூம் குழு, அதே நிறுவனத்தில் பொறியாளர்கள் உட்பட 1,612 பேரிடம் நடத்திய சோதனை 2024-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீடு என்று ஆனதும் வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர்; செயல்திறனிலும் பதவி உயர்விலும் இழப்பு தெரியவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே வீட்டு நாட்கள் புதனும் வெள்ளியும் என்று முடிவு செய்யப்பட்டிருந்தன. மற்ற நாட்களில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள்.

‘ஏதாவது மூன்று நாள் வந்தால் போதும்’ என்பதற்கும் ஹைப்ரிட் என்றுதான் பெயர். அறையில் ஐந்து பேர், திரையில் இரண்டு பேர். வெள்ளைப் பலகையில் எழுதுவது கேமராவில் தெரியாது. அழைப்பைத் துண்டித்த பிறகு, கதவருகே நின்று பேசும் இரண்டு நிமிடத்தில் உண்மையான முடிவு பிறக்கும். மூன்று ஏற்பாடுகளிலும் மோசமானது இதுதான் என்பேன்.

என் வரிசை இது: முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவருக்கு, சொல்லிக்கொடுக்க ஆள் உட்கார்ந்திருக்கும் அலுவலகம்; தனியாக வேலையை முடிக்கத் தெரிந்தவருக்கு, எல்லாவற்றையும் எழுதிவைக்கும் நிறுவனம் கிடைத்தால் முழுக்க வீடு; மற்றப் பெரும்பாலோருக்கு, நாள் குறித்த ஹைப்ரிட். நேர்காணலில் வீட்டிலிருந்து வேலை உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். எந்தெந்த நாட்கள், அதை முடிவு செய்வது குழுவா நிர்வாகமா, நியமனக் கடிதத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.